ஜன்னலிலிருந்து விழுந்தவரின் நாடகம்: எந்த ஆங்கிலப் பிரதியை மேடையேற்றுவது?

இத்தாலிய நாடகாசிரியர் தாரியோ ஃபோவின் 'ஓர் அரசின்மைவாதியின் தற்செயல் மரணம்' நாடகத்தை ஆங்கிலத்தில் மேடையேற்ற விரும்பும் குழு, நடிகர்களைத் தேடும் முன்பே ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். ஒரே தலைப்பில், ஒரே ஆசிரியர் பெயரில் குறைந்தது ஆறு ஆங்கிலப் பிரதிகள் மேடை கண்டோ அச்சேறியோ இருக்கின்றன. கேவின் ரிச்சர்ட்ஸின் தழுவல் 1979-இலும், ரிச்சர்ட் நெல்சனின் அமெரிக்கத் தழுவல் 1984-இலும், ஆலன் கம்மிங்கும் டிம் சப்பிளும் சேர்ந்து எழுதியது 1991-இலும், எட் எமரியின் மொழிபெயர்ப்பு 1992-இலும், சைமன் நையின் பிரதி 2003-இலும், டாம் பாஸ்டனின் பிரதி 2022-இலும் வந்தன. இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு சொற்தேர்வோடு நிற்பதில்லை. ஒன்றில் கதை மிலானில் நடக்கிறது, இன்னொன்றில் லண்டனில் நடக்கிறது. முடிவுக் காட்சியும் ஒன்றுபோல் இல்லை. ஆகவே இவற்றில் ஒன்றைத் தேர்வது ஏறக்குறைய நாடகத்தையே தேர்வதற்குச் சமம்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும் என்றால் நாடகம் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். 1969 டிசம்பர் 12 அன்று மிலான் நகரத்தின் பியாட்ஸா ஃபோன்தானா சதுக்கத்தில் இருந்த வேளாண் வங்கியில் குண்டு வெடித்து 17 பேர் உயிரிழந்தனர். 88 பேர் காயமடைந்தனர். காவல்துறை உடனே அரசின்மைவாதிகளை வளைத்துப் பிடித்தது. அப்படிப் பிடிபட்டவர்களில் ஒருவர் ஜுசெப்பே பினெல்லி என்ற ரயில்வே தொழிலாளி. சட்டம் அனுமதித்த 48 மணி நேரத்தைத் தாண்டியும் காவலில் வைக்கப்பட்டிருந்த அவர், டிசம்பர் 15 நள்ளிரவையொட்டி, மிலான் காவல்துறைத் தலைமையகத்தின் நான்காம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். தற்கொலை என்றது காவல்துறை. நம் செய்தித்தாள்கள் 'லாக்கப் மரணம்' என்று இரண்டே சொற்களில் எழுதிவிடும் செய்தி அது.

ஃபோவும் அவருடைய மனைவியும் நடிகையுமான ஃபிராங்கா ராமேயும் தங்கள் 'லா கொமூனே' குழுவோடு 1970 டிசம்பரில் இந்த நாடகத்தை அரங்கேற்றியபோது, பினெல்லி வழக்கு ஆறிப்போன செய்தியாக இருக்கவில்லை. விசாரணை அதிகாரி லூயிஜி கலாபிரேஸி, தம்மைக் கொலைகாரர் என்று எழுதிய 'லோத்தா கொந்தினுவா' இதழின் மீது தொடுத்த அவதூறு வழக்கு மிலான் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. பகலில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது இரவில் மேடைக்கு வரக்கூடிய நிலை. பார்க்க வந்தவர்கள் இறந்தவரின் பெயரையும் முகத்தையும் அறிந்தவர்கள். நாடகம் முடிந்ததும் பார்வையாளரோடு நடக்கும் விவாதத்தைக் குழுவினர் மூன்றாம் அங்கம் என்றே கருதினார்கள்.

இதை நினைவில் வைத்துக்கொண்டால், ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும்போது கடினமாக இருப்பது எது என்று விளங்கும். சிரிப்பு வரவழைப்பது கடினம் இல்லை. நாடகத்தின் நாயகன் ஒரு பித்தன்; வேடம் போடுவதே அவனுடைய நோய். காவல்துறைத் தலைமையகத்தில், அரசின்மைவாதியின் மரணத்தை விசாரிக்க வந்த நீதிபதியாக நடிக்கிறான். மனநல மருத்துவர் என்று விசிட்டிங் கார்டு அடித்து ஏமாற்றினான் என்று இன்ஸ்பெக்டர் பெர்த்தோட்ஸோ குற்றம் சாட்டும்போது, அட்டையில் உள்ள நிறுத்தற்குறியைச் சரியாகப் படிக்கத் தெரியாதது உங்கள் பிழை என்று அவரையே மடக்குகிறான். இந்த வகை நகைச்சுவை எந்த மொழியிலும் கொஞ்சம் உழைத்தால் வந்துவிடும். மூல நாடகத்தில் இன்னோர் அதிகாரி வருகிறார். அவருக்குப் பெயரே கிடையாது, உடை பற்றிய குறிப்பு மட்டும் இருக்கிறது: விளையாட்டு வீரரைப் போன்ற கோட்டு, கழுத்தை மூடும் ஸ்வெட்டர். அத்துடன் அவர் அடிக்கடி தம் வலக்கையைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறார். மிலானில் அந்த ஸ்வெட்டரைப் பார்த்ததும் அது கலாபிரேஸி என்று அரங்கம் முழுவதும் அறியும். கையைத் தேய்ப்பதைப் பார்த்ததும், பினெல்லியின் கழுத்தில் கராத்தே அடி விழுந்தது என்று அப்போது ஊரெங்கும் உலவிய பேச்சு நினைவுக்கு வரும். லண்டனிலோ நியூயார்க்கிலோ அது வெறும் ஸ்வெட்டர். கையைத் தேய்ப்பது குளிருக்காக இருக்கலாம். மேடையிலிருந்து வரும் குறிப்பைப் பற்றிக்கொள்ளும் நினைவு பார்வையாளரிடம் இல்லாதபோது அந்த இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு, மேற்சொன்ன ஆறு பிரதிகளும் ஆறு விதமாக விடை தருகின்றன. என் ஒப்பீடும் அந்த ஒரு புள்ளியையே சுற்றி அமைகிறது.

காலத்தால் முந்தியதும், ஆங்கில உலகில் இந்த நாடகத்தின் பெயரை நிலைநாட்டியதும் ரிச்சர்ட்ஸின் பிரதிதான். கில்லியன் ஹன்னாவின் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு அவர் தம் 'பெல்ட் அண்ட் பிரேஸஸ்' குழுவுக்காக அதைத் தழுவினார். 1979-இல் சுற்றுப்பயணமாகத் தொடங்கி, லண்டன் கிழக்குப் பகுதியின் ஹாஃப் மூன் அரங்கில் ஓடி, 1980-இல் லண்டனின் வணிக நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்டின் விண்டம்ஸ் அரங்குக்குப் போய் நீண்ட நாள் நிலைத்தது. 1983-இல் சேனல் 4 தொலைக்காட்சி அதைப் படமாக்கியபோது பித்தனாக ரிச்சர்ட்ஸே நடித்தார். அந்த ஆண்டுகளின் பிரிட்டனுக்கு நாடகத்தின் பொருள் அந்நியமானதாக இருக்கவில்லை. 1979 ஏப்ரலில் லண்டன் சவுத்தால் பகுதியில் நடந்த போராட்டத்தில் பிளேர் பீச் என்ற ஆசிரியர் காவலரின் அடியால் உயிரிழந்த நினைவு பச்சையாக இருந்தது. ஆனாலும் ரிச்சர்ட்ஸ் அந்த நினைவை மட்டும் நம்பவில்லை. ஆங்கிலேயரின் பழைய மியூசிக் ஹால் என்னும் பல்சுவை மேடை மரபிலிருந்து வேகத்தையும் அடிதடிச் சிரிப்பையும் எடுத்து நாடகம் முழுவதும் நிரப்பினார். பெயரற்ற அதிகாரிக்குப் 'பிஸ்ஸானி' என்று கொச்சையான ஆங்கிலச் சொல் ஒலிக்கும் பெயர் வைத்தார். நடிப்பதற்கு இதைவிட எளிதாகக் கைவரும் பிரதி இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் சிரிப்பு விழும் இடம் நடிகருக்குத் தெளிவாகத் தெரியும்.

ஃபோ அந்தத் தயாரிப்பைப் பார்த்து மகிழவில்லை. கோமாளித்தனம் மிகுந்து அங்கதத்தின் கூர் மழுங்கிவிட்டதாக அவர் கருதியது நாடக வரலாற்றில் பலமுறை பேசப்பட்டிருக்கிறது. அவருடைய வருத்தத்தை நான் பெரும்பாலும் ஏற்கிறேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் ரிச்சர்ட்ஸின் பக்கம் நிற்கிறேன், அது முடிவுக் காட்சி. காவலர்கள் கைவிலங்கோடு கிடக்க, குண்டு வெடிக்கச் சில நிமிடங்களே இருக்க, சாவி பெண் நிருபர் ஃபெலெத்தியின் கையில். அவர் ஓடிப்போனால் காவலர்கள் சாகிறார்கள். காட்சி மறுபடி நிகழ்கிறது: இம்முறை அவர் விலங்கை அவிழ்த்துவிட, விடுபட்டவர்கள் உண்மை அறிந்த அவரையே கட்டிப்போட்டுவிட்டுப் போகிறார்கள். எப்படிப் போனாலும் முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள்தாம் என்று பித்தன் பார்வையாளரிடம் சொல்லி விடைபெறுகிறான். மிலானில் நாடகத்துக்குப் பின் நடந்த விவாதத்துக்கு வழியில்லாத வணிக அரங்கில், அந்த விவாதத்தைக் காட்சிக்குள்ளேயே கொண்டுவந்த உத்தி என்று இதைக் கொள்ளலாம்.

மூலத்தின் முடிவு இதனிலும் வேறு. விளக்கு அணைகிறது, ஓர் அலறல், பித்தன் ஜன்னல் வழியே விழுந்து இறந்திருக்கிறான். இதுவும் விபத்தாகிவிட, நிருபர் வெளியேறுகிறார். கதவு தட்டப்படுகிறது, தாடியும் தொந்தியுமாக ஒருவர் வருகிறார். பித்தனாக நடித்தவரே அவராகவும் நடிப்பதால் காவலர்கள் இது மறுபடியும் அவன் வேடம் என்று நினைத்துத் தாடியை இழுக்கிறார்கள், அது கழலவில்லை. வந்தவர் விசாரணையைத் தொடங்க அனுப்பப்பட்ட உண்மையான நீதிபதி. எட் எமரியின் மொழிபெயர்ப்பு இந்த முடிவை அப்படியே காக்கிறது.

எமரியின் பிரதியைப் பற்றி நடிகர்கள் முதலில் சொல்லும் குறை அது நீளமானது, பேச்சு மிகுந்தது என்பது. குறை உண்மைதான். பித்தன் நீதிபதி வேடத்தில் காவலர்களின் வாக்குமூலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் பகுதி, அவசரப்படும் இயக்குநருக்குத் தலைவலியாகத்தான் இருக்கும். ஆனால் நாடகத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அந்தப் பகுதியைத்தான் காட்டுவேன். செருப்புக் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். பாய்ந்தவரைப் பிடிக்கப் போனபோது ஒரு செருப்பு என் கையோடு வந்துவிட்டது என்கிறார் கான்ஸ்டபிள். கீழே கிடந்த உடலின் இரண்டு கால்களிலும் செருப்பு இருந்ததைப் பார்த்த சாட்சிகள் உண்டே என்கிறான் பித்தன். அப்படியானால் அரசின்மைவாதிக்கு மூன்று கால்கள் இருந்திருக்க வேண்டும். ஒரு செருப்பு பெரிதாக இருந்ததால் உள்ளே இன்னொரு சிறிய செருப்பைப் போட்டிருந்திருக்கலாமே என்று ஒரு விளக்கம் பிறக்கிறது. இந்த மூன்றாம் செருப்பு ஃபோவின் கற்பனையில் பிறந்ததில்லை. பினெல்லி வழக்கில் காவலர் தரப்பிலிருந்தே வந்த கூற்று அது. டிசம்பர் மாத மிலானில், நள்ளிரவில், ஜன்னல் ஏன் திறந்து கிடந்தது என்ற கேள்வியும் அப்படியே. எமரி வழக்குக் கோப்பின் வரிசையைக் கலைக்காமல் தருவதால், சிரித்துக்கொண்டிருக்கும் பார்வையாளருக்கு இவை எழுதிச் சேர்த்த நகைச்சுவை இல்லை என்ற ஐயம் மெல்ல எழ இடமிருக்கிறது. வேகம் கூட்டிய தழுவலில் மூன்றாம் செருப்பு நூறு சிரிப்புகளில் நூற்றொன்றாகக் கரைந்துபோகிறது.

அமெரிக்க அனுபவம் இங்கே ஒரு பாடமாக உதவும். நெல்சனின் தழுவல் 1984 நவம்பரில் பிராட்வேயின் பெலாஸ்கோ அரங்குக்கு வந்தது. ஜொனாதன் பிரைஸ் நாயகன். ஃபோவுக்கும் ராமேவுக்கும் அமெரிக்கா அதற்கு முன் இருமுறை விசா மறுத்திருந்தது. இந்தத் தயாரிப்பையொட்டித்தான் உள்ளே விட்டது. இவ்வளவு பேச்சு எழுந்தும் 20 காட்சிகளோடு நாடகம் நின்றுபோனது. அமெரிக்கப் பார்வையாளருக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று ரீகன் பற்றிய கிண்டல்கள் சேர்க்கப்பட்டிருந்தன. அதிபரைக் கிண்டல் செய்வது நடப்பு அரசியலைத் தொடும், ஆனால் அந்த அறையின் ஜன்னலைத் தொடாது. இறந்தவரைப் பார்வையாளருக்கு அறிமுகப்படுத்தாமல் அதிபரை அறிமுகப்படுத்தினால் நாடகம் பாதியில் வேறு எங்கோ போய்விடுகிறது. அந்தத் தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். பிரதியைப் பொறுத்த வரையில் நான் காணும் காரணம் இது. இன்று எவரும் அந்தப் பிரதியைக் கையில் எடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டு பிரிட்டிஷ் பிரதிகளைச் சுருக்கமாகவே கடக்கலாம். கம்மிங்கும் சப்பிளும் தேசிய நாடக அரங்குக்காக எழுதியது, பித்தனாக நடித்த கம்மிங்குக்கு 1991-இல் சிறந்த நகைச்சுவை நடிப்புக்கான ஒலிவியே விருதைப் பெற்றுத் தந்தது. அவரைப் போன்ற உடலும் துள்ளலும் உள்ள நடிகர் கிடைத்தால் அப்பிரதி மின்னும், கிடைக்காவிட்டால் மங்கும். 2003-இல் டொன்மார் வேர்ஹவுஸ் அரங்கில் ரைஸ் இவான்ஸ் நடிக்க மேடையேறிய சைமன் நையின் பிரதி, தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் தேர்ந்த கை எழுதியது. வாக்கியங்கள் சுருக்கமானவை, சீரானவை, வாயில் எளிதாக வருபவை. சிறிய அரங்கில் கல்லூரிக் குழு போடுவதற்கு அது ஏற்றது. இறந்தவரின் நிழல் அதில் மெலிந்துதான் விழுகிறது.

டாம் பாஸ்டன் எல்லாரையும்விடத் துணிச்சலான வழியை எடுத்தார். ஷெஃபீல்டில் 2022-இல் தொடங்கி, 2023-இல் லண்டனின் லிரிக் ஹாமர்ஸ்மித் அரங்குக்கும் பின்னர் ஹேமார்க்கெட் அரங்குக்கும் வந்த அத்தயாரிப்பை இயக்கியவர் டேனியல் ராகெட். பித்தனாக நடித்தவர் டேனியல் ரிக்பி. நாடகம் மிலானை விட்டு முற்றாக வெளியேறி லண்டன் மாநகரக் காவல்துறைக்குள் புகுந்தது. ஹாமர்ஸ்மித்தில் ஓடிக்கொண்டிருந்த அதே மார்ச் மாதத்தில், அந்தக் காவல்துறையில் இனவெறியும் பெண்வெறுப்பும் ஓரினச் சேர்க்கையாளர் மீதான வெறுப்பும் நிறுவன அளவில் ஊறிப்போயிருப்பதாக லூயிஸ் கேஸியின் அறிக்கை வெளியானது. 1970-இல் ஃபோவுக்கு மிலான் நீதிமன்றம் செய்ததை, இங்கே அந்த அறிக்கை செய்தது என்றால் மிகையாகாது. நாடகத்தின் இறுதியில் காவலில் நேர்ந்த மரணங்களின் எண்ணிக்கை பார்வையாளர் முன் வைக்கப்பட்டபோது சிரிப்பு அடங்கியது.

இப்படி ஊரையே மாற்றுவது மூலத்துக்குச் செய்யும் துரோகம் என்பவர்கள் உண்டு. நானும் வெகுநாள் அப்படி எண்ணியவன். ஃபோ எழுதிய முன்னுரையை மறுபடி படித்தபோதுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. இது மிலானில் நடந்த கதையே இல்லை, 1920-இல் நியூயார்க்கில் காவலில் இருந்த ஆந்த்ரேயா சால்சேதோ என்ற இத்தாலிய அரசின்மைவாதி 14-ஆம் மாடியிலிருந்து விழுந்து இறந்த கதை என்று முன்னுரை முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்கிறது. சால்சேதோவின் மரணம் உண்மையாக நடந்தது. வழக்கு பாயாமல் இருக்க அந்தப் பழைய மரணம் திரையாகப் பயன்பட்டது. திரைக்குப் பின்னால் இருப்பது யார் என்று அரங்கில் எல்லாருக்கும் தெரியும். ஆக, பிணத்தை ஊர் மாற்றி வைக்கும் வேலையை முதன்முதலில் செய்தவர் ஃபோவேதான். ஊர் மாறினாலும் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும் பார்வையாளர் இருக்கிறார்களா என்பதுதான் கணக்கு. லண்டனில் பாஸ்டனுக்கு இருந்தார்கள்.

அப்படியானால் எதை எடுப்பது? பிரிட்டனுக்குள், காவல்துறை பற்றிய கோபம் ஊரில் உயிரோடு இருக்கும்போது, நாடகம் முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய்விடும் பார்வையாளருக்காகப் போடுவதென்றால் பாஸ்டனின் பிரதி. அதன் சிக்கல் அது விரைவில் பழசாகும் என்பது. நடப்புச் செய்தியை நம்பி எழுதிய வரிகளுக்கு ஆயுள் குறைவு. பிரிட்டனுக்கு வெளியே அதை எடுத்துப் போனால் மிலானின் ஸ்வெட்டருக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும்.

மற்ற எந்தச் சூழலுக்கும் நான் எமரியின் பிரதியையே தேர்வேன். அதை எடுப்பவர்கள் இரண்டு வேலைகளைக் கூடுதலாக ஏற்க வேண்டும். முதலாவது, இறந்தவரைப் பார்வையாளருக்குத் தெரியப்படுத்துவது: நுழைவாயிலில் பினெல்லியின் கோப்பு, செருப்பு பற்றிய காவலர் கூற்று, ஜன்னல் பற்றிய கேள்வி ஆகியவை நாடகத்துக்கு முன்பே கண்ணில் பட வேண்டும். இரண்டாவது, முடிந்தபின் அரை மணி நேரமாவது விவாதத்துக்கு ஒதுக்குவது. நிகழ்ச்சிக் குறிப்பில் பிற்காலத்தையும் மறைக்காமல் எழுதுவது நேர்மை. கலாபிரேஸி 1972 மே 17 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். பினெல்லி இறந்தது தற்கொலையாலும் இல்லை, கொலையாலும் இல்லை, திடீர் உடல்நலக் குலைவால் நிலைதவறி விழுந்ததால் என்றும், அந்த நேரத்தில் கலாபிரேஸி அறையில் இருக்கவில்லை என்றும் நீதிபதி ஜெரார்தோ தாம்ப்ரோசியோ 1975-இல் முடிவு செய்தார். வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பொறுப்பு நவபாசிசக் குழுவினரே என்பதை இத்தாலிய உச்ச நீதிமன்றம் 2005-இல் பதிவு செய்தது. 2009-இல் பினெல்லி, கலாபிரேஸி இருவருடைய மனைவியரும் குடியரசுத் தலைவர் மாளிகையில் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஸ்வெட்டர் அணிந்த அதிகாரியைப் பார்த்துச் சிரிக்கும் இன்றைய பார்வையாளருக்கு இவ்வளவும் தெரிந்திருப்பதில் நாடகத்துக்கு நட்டமில்லை.

ரிச்சர்ட்ஸின் முடிவையும் எமரியின் உடலையும் ஒட்டவைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனி உரிமை உண்டு, அனுமதியின்றி வரிகளை மாற்றவோ கலக்கவோ கூடாது என்பதால், விண்ணப்பம் அனுப்பும் முன்பே ஒன்றைத் தேர்ந்துவிடுவது நல்லது. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும்: கையில் உள்ள நூல் ரிச்சர்ட்ஸுடையதா எமரியுடையதா என்று அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் தொடங்கினால், ஃபோ எழுதாத முடிவை ஃபோவின் பெயரில் எழுதிவிட நேரும்.

எமரியைத் தேர்ந்தவர்களுக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று உண்டு. இருட்டில் ஜன்னல் வழியே விழும் பித்தன், நிருபர் வெளியேறும் அந்தச் சிறு இடைவெளிக்குள் தாடி ஒட்டி, தொந்தி கட்டி, வேறு கோட்டு மாட்டி, மறுபக்கக் கதவைத் தட்ட வேண்டும். தாடி காவலர்கள் இழுத்தாலும் கழலக் கூடாது. பசையையும் உடைமாற்றத்தையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல், முதல் ஒத்திகையிலிருந்தே அந்த நடிகரிடம் பழக்கிவிட வேண்டும்.